நீல வானத்தை நம்பிப் படகேறாதீர்கள்: மார்சேய் கடலில் இருந்து சில குறிப்புகள்

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. பிரான்ஸின் தென்கரையில் இருக்கும் மார்சேய் நகரின் பழைய துறைமுகத்தில் என் படகுக்கு எதிரே பாரிஸிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் நிற்கிறது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். தங்கியிருந்த வீட்டில் விடியற்காலையில் எழுந்து செய்த மட்டன் பிரியாணி ஒரு பெரிய டப்பாவில். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"இன்றைக்குப் போக முடியாது" என்று முந்தின நாள் மாலையே செய்தி அனுப்பியிருந்தேன். அவர் நம்பவில்லை, நேரில் பேசிப் பார்க்கலாம் என்று வந்துவிட்டார். வானத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "தம்பி, வெயில் இப்படிக் கொளுத்துது. இதுல என்ன வானிலை சரியில்ல?"

பதினான்கு வருடமாக இந்த ஊரில் பாய்மரப் படகு ஓட்டிப் பிழைக்கிறேன். பிறந்தது புதுச்சேரி. வருகிறவர்களில் நம்மவர்களும் இப்போது அதிகம். பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், லண்டனிலிருந்து வரும் மாமா என்று ஏதாவது ஒரு காரணம். அந்த அப்பா கேட்ட கேள்வியை ஒவ்வொரு கோடையிலும் பத்துப் பேராவது கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு மோசமான வானிலை என்றால் கறுத்த மேகம், இடி, மழை. வங்கக்கடல் புயல் அப்படித்தான் வரும். மார்சேயில் ஆபத்து நீல வானத்தோடு வரும். அதன் பெயர் மிஸ்ட்ரால். மேற்கே அட்லாண்டிக் பக்கம் உயர் அழுத்தமும் கிழக்கே ஜெனோவா வளைகுடாவில் தாழ்வழுத்தமும் அமைந்தால், வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஒரு பக்கம் ஆல்ப்ஸ், இன்னொரு பக்கம் பிரான்ஸின் மத்திய மலைத்தொகுதி, நடுவில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அனுபவித்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வறண்ட காற்று என்பதால் மேகத்தையெல்லாம் துடைத்துப் போட்டுவிடும். வானம் பளிச்சென்று இருப்பதே அந்தக் காற்றின் வேலைதான். வேகம் பிடித்தால் வீச்சு மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். மூன்று நாள், இல்லை ஆறு நாள், இல்லை ஒன்பது நாள் அடிக்கும் என்று இங்குள்ள கிழவர்கள் சொல்வார்கள். நான் எண்ணிப் பார்த்தவரை அந்தக் கணக்கு உதைக்கிறது.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. எல்லோரும் பார்க்க விரும்புவது கலாங்க் என்கிற சுண்ணாம்புப் பாறைக் குடாக்களை. சோர்மியு, மோர்ஜியு, சுஜிதோன், ஆன்-வோ. அவை துறைமுகத்துக்குத் தென்கிழக்கே இருக்கின்றன. மிஸ்ட்ரால் வடமேற்கிலிருந்து வீசும். ஆகவே போகும்போது காற்று முதுகில் தள்ளும். படகு சொகுசாக ஓடும், குலுக்கலே தெரியாது, "இதற்கா பயப்பட்டீர்கள்?" என்று கேட்பார்கள். குடாவுக்குள் செங்குத்தான பாறைகள் மறைப்பதால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். மேலிருந்து திடீர் திடீரென்று காற்று விழுவது மட்டும்தான் எச்சரிக்கை. சாப்பிட்டு, குளித்து, நாலு மணிக்குத் திரும்ப முனையைச் சுற்றும்போதுதான் தெரியும். அதே காற்று இப்போது முகத்தில் அறையும். எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏற வேண்டும், ஒவ்வொரு அலையும் படகின் முன்பக்கத்தைத் தூக்கிப் போடும். போக இரண்டு மணி நேரம் ஆன தூரத்துக்குத் திரும்ப நான்கு மணி நேரமும் ஆகலாம், அதுவும் முழுக்க நனைந்தபடி. பாட்டியோடும் பிள்ளைகளோடும் நான் அதைச் செய்ய மாட்டேன்.

கரையில் நிற்கும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நோத்ர தாம் த லா கார்த் தேவாலயக் குன்றில் ஏறித் தூரக் கடலைப் பாருங்கள். நீலத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிந்தால் அதை இங்கே 'செம்மறி ஆடுகள்' என்பார்கள். ஆட்டு மந்தை தெரிகிற நாளில் குடும்பத்தோடு படகு வேண்டாம். அந்தத் தேவாலயத்தின் உள்ளே கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்கும். கடலில் பிழைத்து வந்தவர்கள் கட்டிய நேர்த்திக்கடன்கள் அவை. வேளாங்கண்ணி போய்வந்தவர்களுக்குப் பார்த்ததும் புரிந்துவிடும்.

பிரெஞ்சு வானிலைத் துறை கடற்கரைப் பகுதிகளுக்கென்று தனி அறிக்கை தருகிறது. காற்று 7ஆம் நிலையை, அதாவது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டரை எட்டும் என்றால் சிறப்பு எச்சரிக்கை வரும். ஆனால் உங்கள் படகோட்டி அந்த எச்சரிக்கைக்காகக் காத்திருப்பவராக இருக்கக் கூடாது. குழந்தைகளோடு போகும் பயணத்தில் அதற்கு வெகு முன்பே நிறுத்த வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மிஸ்ட்ரால் வந்தால் என்ன செய்வீர்கள்?" நாளை மாற்றுவோம், இல்லை பணத்தைத் திருப்பித் தருவோம் என்று தயங்காமல் பதில் வந்தால் நல்லது. "அதெல்லாம் பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்றால் வேறு படகு தேடுங்கள்.

சரி, இப்படி ஒரு குடும்பம் மட்டும் படகு பிடித்துப் போகும் 'தனிப்பட்ட பயணம்' என்பதற்கு வருவோம். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: பிரான்ஸில் பொழுதுபோக்குக்காகப் பாய்மரப் படகு ஓட்ட உரிமமே வேண்டாம். உரிமம் கேட்பது மோட்டார் படகுக்குத்தான், அதுவும் 6 குதிரைத்திறனைத் தாண்டினால். காசு இருந்தால் நாளைக்கே ஒரு பாய்மரப் படகு வாங்கி ஓட்டலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது வேறு கதை. அதற்குத் தொழில்முறைச் சான்றிதழ் வேண்டும், படகு வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும், காப்பீடும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். சிலர் 'செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்' என்ற பெயரில் விளம்பரம் போடுகிறார்கள். நண்பர்கள் சேர்ந்து டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் பங்கு போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. அதில் லாபம் பார்ப்பதுதான் சட்டவிரோதம். தலைக்கு இத்தனை யூரோ, சூரிய அஸ்தமனம், ஒயின் உட்பட என்று விலைப்பட்டியல் போட்டால் அது பகிர்வு இல்லை, வியாபாரம்.

இரண்டு வருடத்துக்கு முன் லண்டனிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தார். இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒன்பது பேர் போயிருக்கிறார்கள். படகில் குழந்தை அளவு உயிர்காப்புச் சட்டை ஒன்றுகூட இல்லை. மாலையில் காற்று ஏறியது, எஞ்சினும் நின்றுவிட்டது, மீட்புப் படகு வந்து இழுத்துக்கொண்டு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் பில் வந்தது. இங்கே கடலில் மனிதர்களைக் காப்பாற்றக் காசு கிடையாது, படகை இழுத்துவரக் காசு உண்டு. படகுக்காரர் அதில் பாதியை இவர்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். "கொடுக்கணுமா அண்ணா?" என்று கேட்டார். கொடுக்க வேண்டாம் என்றேன். ஆனால் அந்தக் குழந்தைக்கு அன்று ஏதாவது ஆகியிருந்தால் எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டியிருப்பார்கள்?

ஏறும் முன் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கூச்சம் வேண்டாம், நான் கோபப்பட மாட்டேன், தொழில் தெரிந்த யாரும் கோபப்பட மாட்டார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பது படகின் அனுமதிச் சீட்டில் இருக்கும். இந்த வகைப் படகுகளில் பொதுவாக 12 பயணிகள்தான் உச்சம், சிறிய படகில் இன்னும் குறைவு. கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். "மடியில வச்சுக்கிறோம்" என்கிற பஸ் கணக்கு இங்கே செல்லாது.

அடுத்து, தண்ணீர். மிஸ்ட்ரால் இரண்டு நாள் அடித்து ஓய்ந்த மறுநாளைத்தான் நான் அதிகம் பயத்தோடு பார்ப்பேன். கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், வெயில் 32 டிகிரி, எல்லோருக்கும் குதிக்கத் தோன்றும். ஆனால் காற்று மேல்பரப்பின் வெந்நீரையெல்லாம் வெளிக்கடலுக்குத் தள்ளிவிட்டிருக்கும், அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறியிருக்கும். முந்தின வாரம் 24 டிகிரி இருந்த தண்ணீர் 16 டிகிரிக்கு வந்துவிடும், நடு ஜூலையில்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர், ஐம்பது வயது. சின்ன வயதில் பம்புசெட்டுக் கிணற்றில் மேலிருந்து குதித்து வளர்ந்தவர். "நீச்சலா எனக்குச் சொல்லித் தர்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே படகின் ஓரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்தார். மேலே வந்தபோது வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. குளிர் அதிர்ச்சியில் மூச்சு தானாகவே வேகமாக இழுக்கும், அதை நிறுத்த நம்மால் முடியாது. தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த முதல் இழுப்பு வந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. மிதவை வளையத்தை அவர் கைக்குப் போட்டேன். ஒன்றரை நிமிடம் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அப்புறம் அவராகவே ஏணியில் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

அதனால் என் படகில் குதிப்பது கிடையாது. ஏணி வழியாக இறங்கி, கழுத்தையும் முகத்தையும் நனைத்து, மூச்சு சீரான பிறகே ஏணியை விடலாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அன்று பாதங்களை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காற்றடைத்த பெரிய பொம்மை மிதவைகளையும் கொண்டுவராதீர்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் அது பிள்ளையோடு சேர்ந்து போகும். நீந்தித் துரத்திப் பிடிக்க முடியாது.

படகுக்குள் அதிகம் அடிபடுவது தலையில்தான். பெரிய பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் நீளமான குறுக்குக் கம்பத்தை பூம் என்போம். பின்காற்றில் போகும்போது பாய் பக்கம் மாறினால் அது ஒரு நொடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரும். "உட்காருங்கள்" என்று நான் கத்தினால் காரணம் கேட்காமல் உட்காருங்கள். செல்ஃபிக்காக எழுந்து நிற்பது அந்த நேரத்தில்தான் நடக்கிறது. முந்தானையும் துப்பட்டாவும் கயிறு சுற்றும் உருளையில் மாட்டும், இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரியாணி விஷயம். கொண்டுவருவதில் தப்பில்லை, நானும் சாப்பிடுவேன். ஆனால் நங்கூரம் போட்டு நின்ற பிறகு, கொஞ்சமாக. காலையில் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் அது கடலுக்குத்தான் போகும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொட வேண்டாம். தலை சுற்றினால் கீழே அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள், மேலேயே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கலாங்க் போகும் வழியில், மாய்ர் தீவுக்கும் கரைக்கும் நடுவே போகும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1903 ஜூன் 7 அன்று நல்ல வெளிச்சத்தில், ஒரே கம்பெனியின் இரண்டு பயணிகள் கப்பல்கள் அந்தத் தீவுப் பக்கம் மோதிக்கொண்டன. 'லிபான்' இருபது நிமிடத்துக்குள் மூழ்கியது, ஏறக்குறைய நூறு பேர் போனார்கள். இன்றும் அங்கே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மேகம் கிடையாது, புயல் கிடையாது. கோடையில் அந்த இடத்தில் எல்லாப் பக்கமிருந்தும் படகுகள் வரும், எனக்கு இரண்டு கண்ணும் வேண்டும்.

கலாங்க் பகுதி 2012 முதல் தேசியப் பூங்கா. தண்ணீருக்கு அடியில் கறுப்பாகத் தெரிவது பொசிடோனியா என்கிற கடற்புல். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும், நங்கூரம் அதைப் பிய்த்துவிடும். வெளிர் நீலமாகத் தெரியும் மணலில்தான் நங்கூரம் போடுவேன், அது கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தாலும் கோபிக்காதீர்கள். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை தீ அபாயத்துக்கேற்ப மலைப்பகுதியை மூடுவார்கள், மறுநாள் நிலவரம் முந்தின மாலை வெளிவரும். மூடிய நாளில் படகிலிருந்து கரையில் இறங்கவும் கூடாது. 2025 ஜூலை 8 அன்று நகரின் வடக்கு ஓரத்தில் பற்றிய தீயை மிஸ்ட்ரால் விரட்டிய வேகத்தில் விமான நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. சிகரெட்டைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படகோட்டிக்கே ஏதாவது ஆகிவிட்டால்? ரேடியோவில் 16ஆம் சேனல். போனில் சிக்னல் இருந்தால் 196, கடல் மீட்பு மையத்துக்கு நேராகப் போகும், கட்டணம் இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்ணையும் சொல்லிக் கொடுத்த பிறகே கயிற்றை அவிழ்ப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர்கள் போகவில்லை. புதன்கிழமை ரயில், மாற்று நாளுக்கு வழியில்லை. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன், பிரியாணியைத் துறைமுகத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருமாகச் சாப்பிட்டோம். பாட்டி மட்டும், "நல்லதாப் போச்சு, எனக்கு நேத்திலிருந்தே பயம்" என்றார். இந்த வருடம் ஏப்ரலில் அந்த அப்பாவிடமிருந்து செய்தி: ஜூனில் எந்த வாரம் காற்று இருக்காது? அப்படி ஒரு வாரத்தை யாராலும் சொல்ல முடியாது என்று பதில் போட்டேன். நான்கு நாள் தங்குவதுபோல வாருங்கள், படகை முதல் நாளுக்குப் பதிவு செய்யுங்கள். காற்று வந்தால் தள்ளிப்போட மூன்று நாள் கையில் இருக்கும்.