உரிந்து விழுந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்

ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துவிட்டால், அங்கே மெட்டல் ஸ்ப்ரே அடித்து, அதாவது உருகிய உலோகத்தைத் தெளித்து மேடாக்கி, லேத்தில் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். ஸ்விட்சர்லாந்தின் மாக்ஸ் ஷூப் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிவைத்த தொழில்நுட்பம் இது. ஆனால் டூல் பட்டதும் சில நேரம் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து விழும். உடனே டூலை மாற்றுவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள். அதற்கு முன் விழுந்த துண்டை எடுத்து அதன் அடிப்பக்கத்தையும் அது விழுந்த இடத்தையும் பார்ப்பதுதான் சரியான தொடக்கம்.

ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து பறந்துவரும் உருகிய உலோகத் துளி, ஷாஃப்டில் மோதி, சில மைக்ரான் தடிமனுள்ள சில்லாகச் சப்பி, கண்ணிமைக்கும் முன் உறைந்துவிடுகிறது. அதன்மேல் அடுத்த துளி. பூச்சு என்பது இப்படி லட்சக்கணக்கான சில்லுகளின் அடுக்கு; இடையிடையே ஆக்சைடும் நுண்துளைகளும் இருக்கும். வெல்டிங்கில் இரண்டு உலோகமும் உருகிக் கலக்கும். இங்கே அது நடப்பதில்லை. சுவரில் தட்டிய வறட்டியைப் போல, சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் பூச்சு நிற்கிறது. காயும் வறட்டி சுருங்குவதுபோல, ஆறும் பூச்சும் சுருங்கும். தடிமன் கூடக்கூட அந்த இழுவிசையும் கூடும்.

சரி, துண்டுக்கு வருவோம். துண்டு விழுந்த இடத்தில் ஷாஃப்டின் உலோகம் வெறுமையாகத் தெரிந்தால், பிடிப்பே இல்லை என்று பொருள். குற்றம் லேத்துக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. ஸ்ப்ரேக்கு முன் பரப்பைச் சொரசொரப்பாக்க, கிரிட் என்னும் கூரான துகள்களைக் காற்றால் வீசியடிப்பதுதான் பிளாஸ்டிங்; அதைத் தேய்ந்து மழுங்கிய கிரிட்டால் செய்திருப்பார்கள். ஏர் லைனில் எண்ணெயோ தண்ணீரோ வந்திருக்கும். காற்றை ஒரு வெள்ளைத் தாளின்மேல் சிறிது நேரம் அடித்துப் பார்த்தாலே கறை சொல்லிவிடும். பிளாஸ்டிங் முடிந்த ஜாப்பைப் பல மணி நேரம் போட்டுவைத்திருந்தாலும், வெறும் கையால் தொட்டிருந்தாலும் இதே கதிதான். நைட்ரைடிங் செய்த, அதாவது நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய ஷாஃப்டில் கிரிட் சரியாகக் கடிக்காது. பழைய வார்ப்பிரும்பு வேறு மாதிரி: அதன் துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய், ஸ்ப்ரேயின் சூட்டில் வெளியே கசியும். அதை முதலிலேயே சூடாக்கி எரித்து வெளியேற்ற வேண்டும். நிக்கலுடன் 5 சதவீதம் அலுமினியம் சேர்ந்த கம்பியால் ஓர் அடிப்பூச்சு கொடுத்தால் பிடிப்பு நன்றாகக் கூடும். அதுவும் சுத்தமான பரப்பில்தான்.

துண்டு விழுந்த இடத்தில் இன்னும் பூச்சே தெரிந்தால், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே விட்டிருக்கிறது. துப்பாக்கி அதிக தூரத்தில் இருந்ததா, சாய்வாக அடித்தார்களா, ஷாஃப்டின் விட்டம் மாறும் தோள்பட்டை மூலையில் திரும்பித் தெறித்த தூசிமேல் மறுபடி அடித்தார்களா என்று கேட்க வேண்டும். நேர் எதிராக, 90 டிகிரியில் அடிப்பதே நல்லது. 45-க்குக் கீழே போனால் பூச்சு பஞ்சாகிவிடும்.

ஓரத்தில் மட்டும் பெயர்கிறதா? சுருங்கும் பூச்சு ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கும், ஆனால் அதன் முனைகள் தூக்கப் பார்க்கும். துளையின் (bore) உட்புறம் இன்னும் கஷ்டம். அங்கே சுருக்கம் பூச்சைச் சுவரிலிருந்தே இழுக்கும். கூர்மையான விளிம்புகளை ஸ்ப்ரேக்கு முன்பே மழுக்கிவிட வேண்டும். கடையும்போது முதலில் இரு முனைகளிலும் விளிம்பைச் சாய்வாகச் சீவி சேம்ஃபர் போட்டுவிட்டு, முனையிலிருந்து நடுவை நோக்கி டூலை ஓட்ட வேண்டும். டூல் பூச்சைத் தாண்டி வெளியேறினால், விளிம்பையும் தள்ளிக்கொண்டு போகும்.

தகடாக விழாமல் பரப்பு முழுக்கப் பொடிக்குழிகள் தெரிந்தால் மட்டும் டூலைச் சந்தேகிக்கலாம். மழுங்கிய முனை சில்லை வெட்டாது, பிடுங்கும். கூரான கார்பைடு டூல், மெல்லிய வெட்டு, குறைந்த ஃபீடு (டூல் நகரும் வேகம்) போதும். கிரைண்டிங் என்றால் மென்மையான, திறந்த அமைப்புள்ள சக்கரமும் தாராளமான கூலன்ட்டும் (குளிர்விக்கும் திரவம்) வேண்டும். கூலன்ட் நுண்துளை வழியே உள்ளே இறங்கி அடியில் துரு ஏற்றாமலிருக்க, துளைகளை அடைக்கும் சீலர் பூசிய பிறகு கிரைண்ட் செய்வது நல்லது.

பிடிப்பு விட்டுப் பெயர்ந்த இடத்தை மட்டும் மறுபடி அடித்து ஒட்டவைக்க முடியாது. சுற்றியுள்ள பகுதியைச் சின்ன சுத்தியலால் தட்டினால், அடியில் விட்டிருக்கும் இடத்தில் மொத்தையான ஓசை வரும். பூச்சு முழுவதையும் கடைந்து எடுத்து, அப்புறம் பிளாஸ்டிங்கிலிருந்து தொடங்க வேண்டும்.