எல்எல்ஆர் போட்டவுடன் எந்த வண்டி வாங்குவது?

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கமிருந்து என்னிடம் பைக் பழக வரும் பையன்களில் பாதிப் பேர் வண்டியை முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள். அத்தா சவுதியிலிருந்து பணம் அனுப்பியிருப்பார், 350 சிசி புக் ஆகியிருக்கும். "ஓட்ட ஓட்டப் பழகிடும்ணே" என்பார்கள். பழகும். அதுவரைக்கும்தான் பயம்.

நம் சட்டம் இதில் தாராளம். 18 முடிந்துவிட்டால் எத்தனை சிசி வேண்டுமானாலும் ஓட்டலாம். பிரிட்டனில் பழகுநர் தனியாக ஓட்ட 125 சிசி, 11 கிலோவாட்தான் உச்சம். ஆஸ்திரேலியாவில் 660 சிசி வரை விடுகிறார்கள், ஆனால் வண்டியின் எடைக்கு இவ்வளவு சக்திதான் என்று வரம்பு உண்டு. இங்கே அந்த வரம்பை வீட்டில்தான் போட வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது எடை. ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஷோரூமில் சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தால் போதாது. தினமும் போடும் செருப்போடு போங்கள். இரண்டு குதிகாலும் தரையில் படுகிறதா? சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே பத்தடி பின்னால் தள்ளுங்கள். அப்புறம் இறங்கி சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். இதிலேயே திணறினால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

"கனமான வண்டிதான் பாம்பன் பாலத்துக் காத்துக்கு அசையாது" என்று சிலர் வாதாடுவார்கள். பாதி உண்மை. ஆடி மாதக் கச்சான் காற்றில் சின்னச் சக்கர ஸ்கூட்டி அலைபாயும், கனமான வண்டி அவ்வளவு ஆடாது. ஆனால் பாலத்தில் யாராவது போட்டோ எடுக்கத் திடீரென்று நிறுத்துவார்கள். பின்னால் வரும் புதுப்பையன் ஊர்ந்து வந்து, திருப்பி நிறுத்த வேண்டும். சாயத் தொடங்கிய 195 கிலோவை ஒற்றைக் காலால் தாங்க முடியாது. 18 அங்குலச் சக்கரமுள்ள 100, 125 சிசி கியர் வண்டி இரண்டுக்கும் நடுவில் சரியாக வரும்.

தனுஷ்கோடி சாலையில் சிக்கல் மணல். காற்று தார்மேல் வாரிப் போட்டிருக்கும். 125 சிசி வரை பெரும்பாலும் சிபிஎஸ் பிரேக்தான். பின் பிரேக்கை மிதித்தாலும் முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். அதனால் மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணல்மேல் பிரேக்கைத் தொடாமல் நேராகப் போக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் இதேதான்.

ஸ்கூட்டியிலோ எக்ஸ்எல்லிலோ எட்டு போட்டு வாங்கினால் அது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு மச்சானின் பல்சரை எடுத்தால் லைசென்ஸ் இல்லாத கணக்குதான். விபத்தென்றால் இன்சூரன்ஸிலும் இழுபறி. எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். அதுவரை முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்'. பின்னால் லைசென்ஸ் உள்ள பயிற்றுநர் தவிர யாரையும் ஏற்றக்கூடாது.

பதினெட்டு ஆகாதவனிடம் சாவியைக் கொடுத்து அவன் ஓட்டிப் பிடிபட்டாலே, பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் வரலாம். பையனுக்கு 25 வயது வரை எல்எல்ஆரே கிடையாது.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், மண்டபம், தொண்டி மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டியைக் குனிந்து பாருங்கள். டேங்க் பளபளக்கும், செயினும், சைலன்சரின் அடிப்பக்கமும், மட்கார்டின் உள்பக்கமும் உப்பு அரித்துக் கிடக்கும்.