நுண்துகள் வேறு, நானோதுகள் வேறு

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு 'நுண்துகள்' என்ற சொல்லை யாரும் அகராதி பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டியில் படிகிற அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகை, இவற்றைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நாளிதழ்கள் எழுதுகிற சொல் அது. பி.எம். 2.5 என்பதன் தமிழ். விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத தூசு. ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் வரம்பு. நல்ல சொல், பொருத்தமான சொல், மக்கள் வாயில் பழகிவிட்ட சொல்.

அதே சொல்லை இப்போது மருந்தில் வரும் நானோதுகளுக்கும் வைக்கிறார்கள். எங்கள் தெருவில் விநியோகித்த மருத்துவ முகாம் துண்டறிக்கை ஒன்றில் 'மூலிகை நுண்துகள் சிகிச்சை புரோஸ்டேட் புற்றுநோயில் ஊக்கமருந்து உற்பத்தியைத் தடுக்கும்' என்று ஒரு வரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "தம்பி, மணலியில் சும்மா கிடைப்பதை இங்கே காசு கொடுத்தா ஏற்றிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையிலேயே கேட்டார். ஒரே வரியில் மூன்று பிழை. மூன்றும் இந்தத் துண்டறிக்கையோடு நிற்பவையும் அல்ல. வார இதழ்களின் அறிவியல் பக்கங்களிலும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

நானோ என்பது கிரேக்க மொழியில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1960-ல் அனைத்துலக அலகு முறையில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு முன்னொட்டாக ஏற்றுக்கொண்டார்கள். நானோதுகள் என்றால் பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை. மருந்துத் துறையில் சற்றுப் பெரியவற்றையும் சேர்த்துக்கொள்வது உண்டு. பிறப்பு வரலாறு இவ்வளவுதான்.

'நுண்' என்பதுதான் வம்பு. அது தமிழில் எப்போதோ மைக்ரோவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்ட சொல். நுண்ணோக்கி, நுண்ணுயிர், நுண்கடன் என்று எதை எடுத்தாலும் மைக்ரோதான். மைக்ரோ நானோவைவிட ஆயிரம் மடங்கு பெரியது. மீட்டரையும் கிலோமீட்டரையும் ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் பாருங்கள், தெரியும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் பள்ளியில் பார்த்த சாதாரண நுண்ணோக்கி, சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதைப் பிரித்துக் காட்டாது. ஆக, இவர்களுடைய 'நுண்துகள்' நுண்ணோக்கியில் தெரியாது. அதற்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். நுண்ணுயிரான பாக்டீரியாவோ ஆயிரம் நானோமீட்டர் அளவில் இருக்கிறது. அந்த உயிரைவிட இந்தத் துகள் பல மடங்கு சிறியது, பெயரில் மட்டும் இரண்டுக்கும் ஒரே 'நுண்'.

'அப்படியானால் மீநுண் துகள் என்போம்' என்று ஒரு கட்சி. மீயொலி, மீகடத்தி வரிசையில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்று மாசு அறிவியலில் 100 நானோமீட்டருக்குக் குறைந்த புகைத்துகளுக்குத் தனிப் பெயர் இருக்கிறது. டீசல் வண்டி கக்குவதில் நிறைய உண்டு. அதற்குத்தான் 'மீநுண் துகள்' கச்சிதமாகப் பொருந்தும். அளவில் இரண்டும் ஒன்றேதான். ஒன்று எரிந்து வருவது, மற்றது திட்டமிட்டுச் செய்வது. வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த வேறுபாட்டைத் துறக்க நான் தயாரில்லை. மேலும், நானோவுக்கே மீநுண் என்றால் அதற்கும் கீழே உள்ள பிக்கோவுக்கு என்ன செய்வார்கள்? மீமீநுண்ணா?

தூய தமிழ் அன்பர்கள் இம்மியைக் கொண்டுவருகிறார்கள். பழைய பின்னக் கணக்கான கீழ்வாய் இலக்கத்தில் இம்மி என்பது கீழ்முந்திரியில் 21-ல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 21.5 லட்சத்தில் ஒன்று. நூறு கோடி எங்கே, இது எங்கே! குள்ளத்தைக் குறிக்கும் 'குறள்' என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு என்பதும் மெய்தான். ஆனால் குறள்துகள் என்று எழுதினால் படிப்பவர் வள்ளுவரைத்தான் தேடுவார். கிலோவையும் மில்லியையும் ரேஷன் கடை வரை ஏற்றுக்கொண்ட தமிழ் நானோவால் கெட்டுவிடாது. நானோதுகள் என்றே எழுதுங்கள்.

'மூலிகை' இதைவிடப் பொல்லாதது. தாவரவழி நானோதுகள் என்று ஆய்வாளர்கள் சொல்வது ஒரே பொருளை அல்ல. வேப்பிலைச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்த்தால் கரைசல் மெல்லப் பழுப்பாகும். வெள்ளி அயனிகள் நானோதுகள்களாகத் திரள்வதன் அடையாளம் அது. அங்கே இலை செய்தது உதவி, துகள் வெள்ளிதான். மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் சேராது என்பதால் அதைக் கொழுப்பு உறையில் ஏற்றுவது வேறு வழி. இஞ்சிச் செல்களே வெளியிடும் நானோ அளவுப் பைகளைப் பிரித்தெடுப்பது இன்னொன்று. இவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச் செல்களிலும் எலிகளிலும்தான் சோதிக்கப்படுகின்றன. துண்டறிக்கையில் போடுகிற நிலைக்கு வரவில்லை. புரோஸ்டேட் புற்றுக்கு மருத்துவமனைகளில் உண்மையிலேயே ஏற்றுகிற டோசிடாக்செல், யூ மரத்தின் ஊசியிலையில் கிடைக்கும் பொருளிலிருந்து செய்வது. அதையும் 'மூலிகை' என்பார்களா? முடி கொட்டிய பிறகு நோயாளி சண்டைக்கு வருவார். 'தாவரவழி' போதும், அதில் பக்தியும் இல்லை, பக்கவிளைவு இல்லை என்ற பொய் வாக்குறுதியும் இல்லை.

கடைசியாக, 'ஊக்கமருந்து உற்பத்தி'. உடலில் ஸ்டீராய்டு உருவாவதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். ஏதோ தொழிற்சாலையில் போலீஸ் சோதனை நடந்ததுபோல இருக்கிறது. விளையாட்டுச் செய்திகளில் பிடிபடுகிற வீரர்களால் வந்த வினை இது. ஸ்டீராய்டு என்பது கொலஸ்டிராலிலிருந்து நம் உடலே செய்துகொள்ளும் ஒரு சேர்மக் குடும்பம். விந்தகத்தில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும் அட்ரீனல் சுரப்பியின் கார்ட்டிசோலும் அதில் அடக்கம். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் புரோஸ்டேட் புற்று ஒடுங்கும் என்று 1941-ல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று கொடுக்கப்படும் அபிராடெரோன் மாத்திரை, அந்த ஹார்மோன் உருவாகும் பாதையில் ஒரு நொதியை மறிக்கிறது. அதனால் கார்ட்டிசோலும் குறையும் என்பதால் கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையும் எழுதித் தருகிறார்கள். இதை 'ஊக்கமருந்தைத் தடுக்கும் மாத்திரையோடு ஊக்கமருந்தும் சாப்பிடவும்' என்று மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தால், வீட்டில் யாராவது அந்த இரண்டாவது மாத்திரையை எடுத்து ஒளித்துவைப்பார்கள். ஸ்டீராய்டு என்றே எழுதலாம். தண்டையார்பேட்டை மருந்துக் கடைகளில் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.