ஸ்போலியா: எடுத்தாண்ட கல்

பழைய கட்டடத்திலிருந்து கழற்றிய தூணையோ சிற்பப் பலகையையோ புதுக் கட்டடத்தில் பொருத்தினால், அந்தப் பழைய உறுப்புகளைக் கட்டடக்கலையில் ஸ்போலியா என்பார்கள். பழைய பொருளை வைத்துக் கட்டும் சுழற்சிப் பொருளாதாரப் பேச்சு பெருகியதால், வரலாற்று நூல்களுக்குள் இருந்த இந்தச் சொல் இப்போது வெளியேயும் காதில் விழுகிறது.

மூலம் லத்தீன். ஸ்போலியம் என்றால் விலங்கிடமிருந்து உரித்த தோல். அப்புறம், தோற்ற எதிரியிடமிருந்து கழற்றிய கவசம். கட்டடங்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டியது 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர்கள். கான்ஸ்டன்டைன் வளைவைப் பார்த்தால் காரணம் புரியும். ரோமில் கி.பி. 315இல் எழுந்த அந்த வளைவில் டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் காலத்துச் சிற்பங்களைப் பதித்து, பழைய பேரரசர்களின் முகங்களைத் திருத்திச் செதுக்கியிருக்கிறார்கள். சிக்கனமா, முன்னோர் புகழில் பங்கு கேட்பதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இஸ்தான்புல்லின் பசிலிக்கா நிலத்தடி நீர்த்தொட்டியில் அந்தச் சந்தேகத்துக்கு அவ்வளவு இடமில்லை. கிரேக்கப் புராணத்துப் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் இரண்டு தலைகள் அங்கே தூணுக்கு அடிக்கல். ஒன்று பக்கவாட்டில், மற்றது தலைகீழாக; புகழுக்காக வைத்ததுபோலத் தெரியவில்லை. பழங்கல் மீதான ஆசை எவ்வளவு முற்றியதென்றால், கல்லுக்காகப் பொதுக் கட்டடங்களை இடிக்கக் கூடாது என்று ரோமப் பேரரசர் மயோரியன் 458இல் சட்டமே போட்டார்.

மறுசுழற்சி வேறு. கான்கிரீட்டை நொறுக்கி ஜல்லியாக்குவது மறுசுழற்சி. உத்தரத்தை உத்தரமாகவே வைப்பது மறுபயன்பாடு. ஸ்போலியா இரண்டாவது வகை. அதற்குப் பொருள் முழுசாகக் கழன்று வர வேண்டும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மை, தட்டினால் உதிர்ந்துவிடும். கடினமான சிமென்ட் சாந்தோ விடாது, செங்கல்தான் உடையும். கோபன்ஹேகனின் ரிசோர்ஸ் ரோஸ் குடியிருப்பைக் கட்டியவர்கள் அதனால்தான் பழைய சுவர்களைச் சதுரம் சதுரமாக அறுத்தெடுத்துப் பதித்தார்கள்.

சரி, தமிழில்? நேர்ப்பொருள் சூறைப்பொருள். தன் வீட்டைத் தானே பிரித்துக் கட்டுகிறவருக்கு அது பொருந்தாது. மீட்புப் பொருள் என்றால் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும், எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது. பிறர் வரியை நம் எழுத்தில் சேர்ப்பதை எடுத்தாளுதல் என்கிறோமே, அதுவே இங்கும் கச்சிதம்: எடுத்தாண்ட கல், எடுத்தாண்ட மரம். லத்தீன் சொல்லையே வைத்துக்கொள்பவர்கள் ‘ஸ்போலியாக்கள்’ என்று எழுத வேண்டாம். ஸ்போலியா ஏற்கெனவே பன்மைதான்.