99.8 அடி, 100.2 அடியைவிடப் பெரியதா?

மேட்டூர் நீர்மட்டம் டெல்டாக்காரர்கள் தினமும் விசாரிக்கிற எண். முழு மட்டம் 120 அடி. வழக்கப்படி ஜூன் 12-இல் குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா என்பது அதைப் பொறுத்துதான் இருக்கும். தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவருக்கு இதுவே நல்ல பயிற்சி: இரண்டு நாள் மட்டத்தை வாங்கி, ஏறியதா இறங்கியதா என்று சொல்ல வேண்டும்.

நேற்று 99.8, இன்று 100.2 என்று தட்டிப் பாருங்கள். புரோகிராம் "இறங்கியது" என்கிறது. எரர் எதுவும் வராது.

இன்புட் கட்டளை எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துகளின் வரிசையாகத்தான் கொடுக்கும். ஸ்ட்ரிங்குகளை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுவார்கள். இங்கே முதல் எழுத்துகள் 9, 1. கணினியில் '9' என்ற எழுத்தின் குறியீடு 57, '1'-இன் குறியீடு 49. 57 பெரியது, தீர்ப்பு அங்கேயே முடிந்தது, மிச்ச எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. அகராதியில் "அணைக்கட்டு" எத்தனை நீளமானாலும் "ஆறு"க்கு முன்னால் வருகிறதல்லவா, அதே முறை.

இந்தப் பிழையில் மோசமானது, அது பெரும்பாலும் ஒளிந்திருப்பதுதான். நெல்லின் ஈரப்பதத்தை 17 சதவீத வரம்போடு, அந்த 17-ஐயும் ஸ்ட்ரிங்காகவே வைத்து, ஒப்பிடும் புரோகிராம் 14, 16, 19 என்று எதைக் கொடுத்தாலும் சரியாகவே சொல்லும், எல்லாம் இரண்டு இலக்கம் என்பதால். மேட்டூர் மட்டமும் 101-க்கும் 119-க்கும் இடையே இருக்கும்வரை வம்பில்லை. நூறைத் தாண்டும் நாளில்தான் குட்டு உடையும். ஆகவே சோதிக்கும்போது 9-10, 99-100 ஜோடிகளைக் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள்.

திருத்தம் ஒரு சொல்தான்: வாங்கும் வரியிலேயே, இன்புட்டைச் சுற்றி ஃப்ளோட் போடுங்கள், அது ஸ்ட்ரிங்கைத் தசம எண்ணாக்கும். ஒப்பிடும் இடத்தில் போட்டால், நான்கு இடத்தில் ஒப்பிடும்போது ஓரிடம் விட்டுப்போகும். முழு எண்ணாக்கும் இன்ட் போட்டால் "98.5" வேல்யூ எரர் என்ற பிழையில் நிற்கும். "98.5 அடி" என்று தட்டினால் ஃப்ளோட்டும் நிற்கும், "12,500"-க்கும் அப்படியே, காற்புள்ளியை முதலில் நீக்க வேண்டும். இப்படி நிற்பது நல்லது, தப்பு எந்த வரியில் என்று தெரிந்துவிடுகிறது.

இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி இன்னும் வழுக்கும். இரண்டும் ஸ்ட்ரிங் என்றால் இதே பிழை. ஒன்று மட்டும் எண் என்றால் மற்றதைச் சத்தமில்லாமல் எண்ணாக்கிச் சரியான விடை தரும். பைத்தானில் அப்படிக் கலந்து ஒப்பிட்டால் டைப் எரர் என்று நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் வரிசைப்படுத்தும் கட்டளையான சார்ட், உண்மையான எண்களையே எழுத்தாக்கித்தான் அடுக்கும்: 8, 25, 112 கொடுத்தால் 112, 25, 8 என்று வரும். ஒப்பிடும் ஃபங்ஷனை நாமே கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எண்ணாக்கியும் விடாதீர்கள். தஞ்சாவூரின் எஸ்.டி.டி. குறியீடு 04362, இன்ட் போட்டால் முன்னால் உள்ள சுழி போய் 4362 ஆகிவிடும், அந்த எண்ணுக்குப் போன் போகாது.