பிரஞ்சா, பிரெஞ்சா?

மொரீஷியசின் ரோஸ் ஹில் ஊரில் சனிக்கிழமை மாலைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் 'என் ஞாயிற்றுக்கிழமை' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, "அம்மா அப்பாவோடு வெளியே போய் பிரஞ்சு சாப்பிட்டேன்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழித்து, 'பிரெஞ்சு உணவு' என்று திருத்திக் கொடுத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள். "இல்ல மிஸ், பிரெஞ்சு இல்ல, பிரஞ்ச். காலையும் இல்லாம மத்தியானமும் இல்லாம சாப்பிடுவாங்களே, அது."

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தச் சொல்லும் கொஞ்சம் ஏமாற்றுக்காரச் சொல். சகரத்துக்கு முன்னால் வரும் மூக்கொலி தமிழில் தானாகவே ஞகரமாகிவிடும்: மஞ்சள், பஞ்சு, இஞ்சி. ஆக, நம் வாய்க்குத் தோதாக எழுதினால் அது பிரஞ்சு. பிரெஞ்சு மொழியையும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'ப்ரன்ச்' என்று எழுதலாமென்றால், புள்ளி வைத்த எழுத்தில் சொல்லைத் தொடங்கத் தமிழில் வழியில்லை. 'பிரன்ச்' என்று எழுதி ஒப்பேற்றலாம். இந்தக் கட்டுரைக்கு மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இது இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிய சொல். பிரேக்ஃபாஸ்ட்டின் தலையும் லஞ்ச்சின் வாலும். 1895-இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் 'ஹண்டர்ஸ் வீக்லி' இதழில் இதற்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவு கூத்தடித்தவன் ஞாயிறு காலை அடித்துப் பிடித்து எழ வேண்டாம், தாமதமாக எழுந்து ஒரே வேளையாகச் சாப்பிட்டால் மனசும் நன்றாக இருக்கும் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழ் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டது: அந்த உணவு காலை வேளையை ஒட்டி வந்தால் பிரன்ச், மதியத்தை ஒட்டி வந்தால் பிளன்ச். பிளன்ச் பிழைக்கவில்லை.

இப்படி ஒட்டிய சொல்லை ஆங்கிலத்தில் போர்ட்மாந்தோ என்பார்கள். இரண்டு பக்கமாகத் திறக்கும் பயணப் பெட்டியின் பெயர் அது. அதைச் சொற்களுக்கு வைத்தவர் ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், 1871-இல். எங்கள் ஊரில் பிரெஞ்சு பேசுகிறவரிடம் போர்ட்மாந்தோ என்றால் கோட்டு மாட்டும் கம்பத்தைக் காட்டுவார். இந்த வகைச் சொல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் வேறு, 'மோ வலீஸ்'. அதாவது பெட்டிச் சொல்.

பிரேக்ஃபாஸ்ட் என்பது இரவெல்லாம் கிடந்த பட்டினியை முறிப்பது. லஞ்ச், ஒரு காலத்தில் ரொட்டியிலோ பாலாடைக்கட்டியிலோ வெட்டிய தடித்த துண்டு. பிரெஞ்சுக்காரருக்கு முதலில் காலை உணவாக இருந்த டெஜெனேயும் விரதத்தை விடுவதுதான். இரவுச் சாப்பாடான டினேயும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான். டெஜெனே மெல்ல நகர்ந்து நண்பகலுக்குப் போய்விட, காலைக்கு 'சின்ன' என்ற அடைமொழி போட்டு பெத்தி டெஜெனே என்றார்கள். ஒரே விரதத்தை ஒரு நாளில் மூன்று தடவை முடிக்கிறவர்கள்!

விரதம் முடிப்பதென்றால் மொரீஷியசில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தைப்பூசம். பத்து நாள் விரதமிருந்து, காவடி இறக்கிய பிறகு வாழையிலை போட்டு ஏழு கறிகளோடு சோறு பரிமாறுவார்கள். இங்கே அதற்கு 'செத் கரி' என்று பெயர். சாப்பிட உட்காரும்போது உச்சி வெயில் சாய்ந்திருக்கும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுதான் பிரேக்ஃபாஸ்ட், அதுதான் லஞ்ச்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'காலை மதிய உணவு' என்று சிலர் எழுதுகிறார்கள். அழைப்பிதழில் அப்படிப் போட்டால் விருந்தாளி இரண்டு தடவை வந்து நிற்பார். 'சிற்றுண்டி'யும் ஒத்துவராது, இதில் சிறியது எதுவும் கிடையாது. வெட்டி ஒட்டுவது நமக்குப் புதிதல்ல. மலையமான் நாட்டை மலாடு என்றும், சோழநாட்டைச் சோணாடு என்றும் சுருக்கியவர்கள்தானே நாம்? ஆனால் அவையெல்லாம் பேசிப் பேசித் தேய்ந்து வந்த மரூஉ. உட்கார்ந்து யோசித்து வெட்டினால் காலையும் மதியமும் சேர்ந்து 'காதியம்' ஆகும். கதர்க் கடையில் விற்கிற பொருள் மாதிரி இருக்கிறது.

கும்பகோணத்தில் என் பாட்டி வீட்டில் காலையில் காப்பி மட்டும்தான். பத்து மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு டிபன். பாட்டி அதை 'பத்து மணிச் சாப்பாடு' என்பார். பேச்சுக்கு அதுவே போதும். எழுத்துக்கு என் ஓட்டு 'முற்பகல் உணவு'. முற்பகலும் பிற்பகலும் ஒரே குறளில் (319) வருகின்றன, இரண்டு வரிக்குள் பகலை இரண்டாகப் பிரித்துவிடுகிறார் வள்ளுவர். பிரன்ச்சில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சோம்பல் 'முற்பகல் உணவு' என்ற சொல்லில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருள் குழம்பாது, பிரெஞ்சுக்காரரும் உள்ளே வரமாட்டார்.

மாணவி சொன்ன கடைக்குப் போன ஞாயிறு நாங்களும் போனோம். வாசலில் கரும்பலகை, சுண்ணக்கட்டியில் 'பிரன்ச்' என்று பெரிதாக எழுதி, கீழே பத்து மணி முதல் இரண்டு மணி வரை என்று போட்டிருந்தது. பெயர் கொடுத்துவிட்டு நடைபாதையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் எட்டுக் குடும்பம். கண்ணாடி வழியாக அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பட்டியல் மனப்பாடமாகிவிட்டது: ரொட்டி மேல் மசித்த அவகாடோ, அதன்மேல் அரைவேக்காட்டு முட்டை, ஓரத்தில் மூன்று காத்தோ பிமான். நம்ம மசால்வடைக்குத் தம்பி அது. தெருமுனைத் தள்ளுவண்டியில் வாங்கினால் ரொட்டிக்கு நடுவே வைத்து, காகிதத்தில் சுற்றி, நின்ற இடத்திலேயே சாப்பிடுகிற காலை உணவு. இங்கே அதற்குப் பீங்கான் தட்டும் வரிசையும்.

உட்கார இடம் கிடைத்தபோது மணி பன்னிரண்டேகால். முற்பகல் போயே போய்விட்டது. 'பஞ்ச்' கணக்குப்படி நாங்கள் சாப்பிட்டது பிளன்ச்.