வியூகமா, சூழ்ச்சியா?

தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு டீக்கடை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர், ‘தேர்தல் வியூகம்’ என்ற தலைப்பில் விரலை வைத்து, "ஸ்ட்ராட்டஜின்னு சொல்றாங்களே தம்பி, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஸ்ட்ராட்டஜிக்கு மூலம் கிரேக்கம். ‘ஸ்ட்ராடோஸ்’ என்றால் படை. இன்னும் தோண்டினால், வெளியில் பரவிக் கிடக்கும் பாசறை. அதை நடத்திச் செல்பவர் ‘ஸ்ட்ராடெகோஸ்’. ஏதென்ஸில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் 10 பேரை இந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பல பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கினாலும், இதற்கு வாக்குதான். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் வருடக்கணக்கில் தொடர்ந்து ஜெயித்த பதவி இது.

ஸ்ட்ராட்டஜியோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல்லான டாக்டிக்ஸும் கிரேக்கம்தான். அடுக்கி நிறுத்துவது என்று பொருள். வடமொழியிலிருந்து வந்த வியூகத்துக்கும் ஏறக்குறைய அதே பொருள். சக்கர வியூகத்தில் யார் எங்கே நிற்பது என்பதுதானே விஷயம்? ஆக, பேப்பர்காரர் போட்டது டாக்டிக்ஸ்!

இரண்டுக்கும் நடுவே தெளிவாகக் கோடு போட்டவர் பிரஷ்யப் படை அதிகாரி கிளாஸ்விட்ஸ். போர் பற்றிய அவரது நூல், அவர் இறந்தபின் 1832இல் வெளிவரத் தொடங்கியது. சண்டையில் படையைப் பயன்படுத்துவது டாக்டிக்ஸ். போரின் நோக்கம் நிறைவேறச் சண்டைகளைப் பயன்படுத்துவது ஸ்ட்ராட்டஜி என்றார். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரருக்கு இது சட்டென்று புரியும். விலை இறங்கிய நாளில் எந்த மண்டிக்கு வண்டி விடுவது என்பது முதல் வகை. மாங்கூழ் பேக்டரியை நம்பித் தோப்பு முழுக்கப் பெங்களூரா வைப்பதா, ஊடே வேறு ரகமும் வைப்பதா என்று கன்று நடும் முன்பே யோசிப்பது இரண்டாவது.

இதில் தகடூர்க்காரர்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. தர்மபுரியின் பழைய பெயர்தான் தகடூர். அதன் மன்னன் அதியமானுக்காக ஔவை, பகை மன்னன் தொண்டைமானிடம் தூது போனார். உன் ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு பளபளக்கின்றன. அவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். கேட்டால் புகழ்ச்சி மாதிரி இருக்கும். அடிக்கடி போருக்குப் போகிறவன் யார் என்பது தொண்டைமானுக்கா புரியாது? படையை அணிவகுக்காமலே சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று.

சரி, ஸ்ட்ராட்டஜிக்குத் தமிழில் என்ன சொல்? குறள் 671 ‘சூழ்ச்சி’ என்கிறது. சூழ்தல் என்றால் நாலாபக்கமும் சுற்றி எண்ணிப் பார்ப்பது; ஆராய்ச்சியின் முடிவு துணிவு என்பது அந்தக் குறளின் கருத்து. அருமையான சொல். பின்னால் அது வில்லன்கள் கைக்குப் போய்விட்டது. பேப்பரில் ‘தேர்தல் சூழ்ச்சி’ என்று போட்டால் மறுநாளே மானநஷ்ட வழக்கு வரும்.